பியர் பிடிக்குமா என்று கேட்டுவிட்டேன்

7-2-86 வெள்ளி, பிராண்டே, டென்மார்க்

பனி. வாசல்படி தெரியவில்லை. மகளுக்குப் பின்னேர வேலை. சமையல் நான்.

மருமகன் வேலையால் வந்ததும் நேரே போய் வாய் கொப்பளித்தார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிய, பக்டரியில் எல்லோரும் சேர்ந்திருந்து பியர் குடிப்பார்களாம். வேலை வாங்கும் போர்மன் நீல்ஸ் தன் கையால் திறந்து நீட்டுவாராம். பிடிக்காவிட்டால் ஏன் குடிக்கிறீர் என்று கேட்டேன். மூன்று மாதம் தனிய இருந்து சாப்பிட்டவராம், இப்போதுதான் மேசைக்குக் கூப்பிடுகிறார்களாம். மறுத்தால் திரும்பவும் மூலைதானாம்.

"வேப்பெண்ணெய் மாதிரி மாமி. சிரிச்சுக்கொண்டு விழுங்கவேணும்."

அந்த நீல்ஸைச் சாப்பிடக் கூட்டி வரச் சொன்னேன்.

12-2 புதன்

நீல்ஸும் மனைவியும் சனி மத்தியானம் சாப்பிட வருகிறார்கள். கோழிக்கறி, உறைப்புக் குறைய. வடை. பாயாசம், அதில் போடத் திராட்சை வத்தல் வாங்கவேணும். மருமகன் பியர் வாங்கப் போய்விட்டார். சொன்னால் கேட்கிற ஆளில்லை.

முழங்கால் நோ.

16-2 ஞாயிறு, காலை

நேற்று நடந்தது.

மருமகன் பியர் வார்த்தார். அவரும் நீல்ஸும் கண்ணுக்குக் கண் பார்த்து "ஸ்கோல்" சொல்லிக் குடித்தார்கள். நான் நீல்ஸின் முகத்தையே பார்த்தேன். விழுங்கும்போது ஒரு கண் சுருங்கியது. நாலு பிள்ளைக்குக் கசாயம் பருக்கியவள் நான். தெரியாதா?

உண்மையாகவே இந்த ருசி பிடிக்குமா என்று நீல்ஸிடம் கேட்கச் சொன்னேன், பேத்தி கலாவிடம். மருமகன் பதறிப்போனார்.

"மாமி, வேண்டாம். கலா, வாய் திறக்காத."

"நீ கேள் பிள்ளை."

கேட்டாள். பன்னிரண்டு வயது, வந்து ஒன்றரை வருசம், டெனிஷ் தண்ணியாய் ஓடுகிறது.

மருமகன் வெளிறிப்போனார். பிறகு நீல்ஸின் மனைவி சிரிக்கத் தொடங்கினா. நீல்ஸுக்குப் பதினைந்து வயதில் தகப்பன் பியர் கொடுத்தாராம். ஆம்பிளைகள் நடுவில் எப்படித் துப்புவது என்று விழுங்கினவராம். அன்றிலிருந்து விழுங்குகிறாராம். வீட்டில் தொடுவதே இல்லையாம்.

"அம்மம்மா, இண்டைக்கு அப்பாவுக்காகத்தான் குடிச்சவராம். அப்பாவுக்கு நல்ல விருப்பமெண்டு நினைச்சவராம்."

தனக்கும் பிடிக்காது என்று மருமகன் டெனிஷில் சொன்னது எனக்கே விளங்கியது. நீல்ஸ் மேசையில் அடித்துச் சிரித்தார். தேசிக்காய் பிழிந்து சீனி போட்டுத் தண்ணி கரைத்தேன். நீல்ஸ் மட்டும் மூன்று கிளாஸ். பாயாசம் இரண்டு தரம்.

எனக்கு வாய் கூடிப்போச்சாம், மகள் சொல்கிறாள். கூடட்டும். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு வந்த கேள்வி, அந்தப் பக்டரியில் ஒருத்தருக்கும் வரவில்லையே.

21-2 வெள்ளி

வெயில். குளிர் குறையவில்லை. திராட்சை வத்தல் மிச்சம்.

இன்று நீல்ஸ் எல்லோருக்கும் முன்னால் தனக்கும் மருமகனுக்கும் ஒரேஞ்சுச் சோடா திறந்தாராம். பக்கத்தில் கதிரை இழுத்துப் போட்டு இருத்தினாராம். மற்றவர்கள் முதலில் ஒரு மாதிரிப் பார்த்தார்களாம். பிறகு ஒருவர் தனக்கும் சோடா என்றாராம். பிறகு இன்னொருவர். கடைசியில் ஏழு பேர்.

ஒரே ஒருவர், தனக்குப் பியர் மெய்யாகவே பிடிக்கும் என்று குடித்தாராம். அவரையும் சாப்பிடக் கூட்டி வரச் சொன்னேன். முகத்தைப் பார்த்துத்தான் நம்புவேன்.