நடக்கும் நங்கூரம்

ஒபுருதோரு,
மழை ஓய்ந்த வாரம்.

தெகேனாவுக்கு,

நான் பொறுத்திருந்தது போதும். உன் நலம் விசாரிக்க மனம் வரவில்லை. என் நாற்காலியில் நலமாகத்தான் இருப்பாய்.

என் தங்கை எபியேரேயின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். குழாய் போட வந்த நாட்களில் உனக்கு மரவள்ளி மாவில் கிண்டிய கர்ரியும் மிளகு மீன்சாறும் போட்டவள். நம் எண்ணெய்க் குழாய் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து, சேற்றின் மேல் தாங்கிகளில் ஓடத் தொடங்கும் இடம் உனக்கு நினைவிருக்கும். குழாய் நகராமல் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு பெரிய கான்கிரீட் கட்டியை நங்கூரமாகப் புதைத்தோம். அதற்கடுத்த வளைவில்தான் எபியேரேயின் மீன் தட்டிகள் சாய்ந்திருக்கின்றன. சுடு எண்ணெய் ஓடினால் வெயிலில்லாமலே மீன் காயும் என்று ஊர்ப் பெண்களெல்லாம் அங்கேதான் உட்காருகிறார்கள்.

அந்த நங்கூரத்தின் மேல் எவ்வளவு பாரம் வரும் என்று கணித்தவன் நீ. மென்பொருளில் நங்கூரம் என்று சொடுக்கிவிட்டால், அது மலையில் அறைந்த ஆணி. மென்பொருள் பாரத்தை மட்டும் சொல்லும்; நகர்வே இல்லை என்று சுழி போடும். இது சேறு, கட்டி வழுக்கும், மண்ணின் இளக்கத்தையும் கணக்கில் கொடு என்று கூட்டத்தில் சொன்னேன். "ஐயா, கான்கிரீட்டுக்கு எப்போ கால் முளைச்சுது? செருப்பு வாங்கிக் குடுத்துருவோமா?" என்றாய். மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதமே நான் பண்டகசாலைக்குப் போனேன், நீ என் நாற்காலிக்கு வந்தாய்.

அது கிடக்கட்டும். கட்டி ஆற்றுத் தெய்வத்தின் பாதையை மறிக்கிறது என்று ஊரில் நம்பிக்கை. அதனால் கட்டியின் கொக்கிக்கும் கரையிலுள்ள படையல் கம்பத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைத் துணியைத் தொய்வாகக் கட்டிச் சாராயம் ஊற்றுகிறார்கள். எண்ணெய் ஓடியபோதெல்லாம் துணி விறைத்துக் கிழியும். வேறு துணி கட்டுவார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். நீ சிரித்த என் கணக்குக்கு ஒரு கந்தல் சாட்சி சொன்னதே!

இப்போது மகிழ்ச்சி இல்லை. குழாயை மூடி, எண்ணெயை வடித்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. பிணம்போல் குளிர்ந்து கிடக்கிறது. துணி இன்னும் கிழிகிறது.

என் கணினியில் போட்டுப் பார்த்தேன். சூடு இல்லை, அழுத்தம் இல்லை. மண்ணின் இளக்கத்தையும் கொடுத்தேன். பாரம் சுழி, நகர்வும் சுழி. அந்தச் சுழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே எபியேரே வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, திரும்பவும் கிழிஞ்சிருச்சு."

போனேன். கட்டிக்கு முன்னால் புதுச்சேறு திரண்டிருந்தது. அது விட்டுவந்த பள்ளத்தில் நீர் தேங்கி நின்றது. அந்த நீரில் ஒரு நண்டுகூட இறங்கவில்லை. எண்ணெய் முன்பு தள்ளிய அதே திசையில், வீடுகளை நோக்கி, கட்டி பழகிய வழியில் போவதுபோல் போயிருக்கிறது. குழாயில் காதை வைத்தேன். உள்ளே யாரோ உள்ளங்கையால் மெல்லத் தேய்ப்பதுபோல் ஒரு சத்தம். நான் மூச்சை அடக்கினேன். அதுவும் அடங்கியது.

அங்கே உட்காராதே என்று எபியேரேயிடம் மன்றாடினேன். "அது காலாற நடந்துட்டுப் போகுது, உனக்கென்ன? பதவி போன வயித்தெரிச்சல்ல குழாயைக் கரிச்சுக் கொட்டுற. எண்ணெய் வரட்டும், என் மீனு காயணும்" என்கிறாள். ஊரும் அவள் பக்கம்தான்.

அடுத்த வாரம் சுடு எண்ணெய் விடப்போவதாக ஊர்த்தலைவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். கட்டி நகர்ந்ததில், தாங்கிகளின் விளிம்பில்தான் குழாய் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் விழும், வளைவு பிளக்கும். பெண்கள் அங்கே புகையடுப்போடு உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டியை நகர்த்துவது எது என்று எனக்குத் தெரியாது. சேறாக இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம். எண்ணெய் விடுமுன் ஆள் அனுப்பி அளந்து பார். நாற்காலி உனக்கே இருக்கட்டும்.

பெயர் போட்டு நான் அனுப்பிய எச்சரிக்கைகள் உன் இழுப்பறையில் தூங்குகின்றன. ஆனால் நம் அலுவலக வழக்கம் உனக்கும் தெரியும். குழாயின் இடத்தைக் குறித்து, அனுப்பியவர் பெயரில்லாமல் ஒரு காகிதம் வந்தால் அது நாசக்காரர்களின் மிரட்டல்தான். காவல் பிரிவு முதலில் பிரித்துவிடும். ஆட்கள் வந்து குழாயை அடி அடியாகப் பார்த்துத் திரும்பும்வரை எவனும் வால்வைத் தொடமாட்டான்.

எழுதியது யார் என்று நீ முதல் வரியிலேயே அறிவாய். அவர்களும் அறிந்து என்னைத் தேடி வருவார்கள். வரட்டும். அதற்குள் அந்தக் கட்டியைப் பார்த்திருப்பார்கள். நான் இல்லாத நாளில் எபியேரேயை அந்த வளைவிலிருந்து நீயாவது எழுப்பிவிடு. அவள் கைச்சோறு உன் உடம்பிலும் இருக்கிறது. அது உன்னையும் காக்கட்டும்.

உறையில் பெயர் எழுதவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.