ஒப்படைக்க இரண்டு பேர்

என் மகளின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். ஜனவரியில் நம் நிலத்துக்கு முறை வந்து, ஓராண்டு ஊர்த் தலைமைப் பதவி நம் வீட்டுக்கு வந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்தே ஏற்க வேண்டும், மறுத்தால் நிலம் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சாவோ பாவ்லோவில் தையல் வேலை முடிந்ததும் வருவீர்கள் என்று சபையில் சொல்லிவிட்டேன். அதுவரை உங்கள் தம்பி பதவிக்குரிய சிவப்புப் போர்வை அணிந்து என் பக்கத்தில் உட்காருகிறான். பதவியில் இருப்பவள் ஊரை விட்டு எங்கும் போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பசிலியா சபைக்கு வந்தாள். சுரங்கத்துக்குப் போன கணவனிடமிருந்து தகவலே இல்லை, தாய் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அரசுச் சட்டப்படி யார் அனுமதியும் வேண்டாம் என்று நகரத்து வக்கீல் அவளுக்கு ஸ்பானிஷில் சொல்லியிருக்கிறார். இங்கே சபை நம் அய்மாரா மொழியில் சொன்னால்தான் செல்லும்.

"போடி, போய் நல்லா இரு" என்றேன்.

"ஊருக்கெல்லாம் கதவைத் திறந்து விடுறீங்க தலைவியம்மா! உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றாராம்?" என்றார் கிழவர் எலூத்தெரியோ.

"பஸ்ஸுக்குக் காசு சேர்க்கிறார், தாத்தா."

சபையே சிரித்தது. உங்கள் தம்பி மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். சாவோ பாவ்லோவில் பிறந்த உங்கள் பையனின் படத்தை எனக்குக் காட்டியவன் அவன்தான். பையன் உங்கள் ஜாடை.

பதவியை ஏற்கத் தம்பி போதும் என்றவர்கள், ஒப்படைக்க நீங்களே வர வேண்டும் என்கிறார்கள். இல்லையென்றால் நிலம் மகளுக்கு இல்லை. வருகிற ஜனவரியில் ஒரே ஒரு நாள் வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். அன்று மாலையே நீங்கள் திரும்பிவிடலாம்.

நானும் என் வழியில் புறப்பட்டுவிடுவேன்.

ஊர் அறிய,
உங்கள் மனைவி