பதினேழுக்கு ஆறரை

அம்மா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். அழகாக எழுதலாம் என்று ஆசை வரும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டு மறுபடி யோசித்து எழுதுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்று பள்ளியில் கணக்குத் தேர்வு. ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. காம்பஸுக்கு அடியில், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் சாக்பீஸ். அதில் ரப்பர் வாசனையும் ஒட்டியிருந்தது. வெள்ளையில் எழுதினால் நம் ஷெட் தரையில் அலுமினியத் தூளோடு சேர்ந்து தெரியாமல் போகும் என்று நீ மஞ்சள்தான் வாங்குவாய். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு மூடி வைத்துவிட்டு முதல் கணக்கைப் போட்டேன். விடை சரியாக வந்தது.

உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே. வேறு யாராவது படித்தாலும் புரிய வேண்டும் இல்லையா? விளாங்குடியில் நம் சந்தில் எட்டுப் பட்டறைகள். அப்பா பாத்திரங்களுக்கு அலுமினியக் கைப்பிடி வார்க்கிறார். பக்கத்து வீட்டு மாமா பிளாஸ்டிக் வாளி செய்கிறார். எதிரே ராணி அக்கா பம்புசெட்டுக்கு ரப்பர் வாஷர் வெட்டுகிறார். யாரிடமும் ஒரு லாரி நிறையும் அளவுக்குச் சரக்கு இருக்காது. அவரவர் ஆட்டோவில் ஏற்றிப் பார்சல் ஆபீசில் போடுவார்கள். லாரி நிறையும்வரை அது அங்கேயே கிடக்கும். கோயம்புத்தூர் போய்ச்சேர நான்கு நாளும் ஆகலாம், எட்டு நாளும் ஆகலாம்.

போன வருடம் ஒரு வாரம் முழுக்க என் பழைய கணக்கு நோட்டோடு திண்டுக்கல் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் நீ நின்றாய். டியூஷன் விட்டு வந்த நானும் நூலகப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றேன். மதுரையில் சரக்கை இறக்கிவிட்டுக் கோயம்புத்தூர் திரும்பும் லாரிகளை நீ கோடு போட்டு எண்ணினாய்.

"காலியாப் போகுதுன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தார்ப்பாயப் பாருடி. மடிச்சுப் போட்டிருந்தா காலி. புத்தகத்துலயிருந்து தலைய எடுத்தாத்தானே தெரியும்!"

அந்த வாரக் கடைசியில் டீக்கடையில் ஒரு டிரைவரைப் பிடித்தாய். பாண்டி அண்ணன். வெள்ளிக்கிழமைதோறும் காலியாகத் திரும்புகிறவர். எட்டுப் பட்டறைக்கும் சேர்த்து ஒரே லாரி. திண்டுக்கல், பல்லடம், கோயம்புத்தூர் என்று வழியில் மூன்றே இடத்தில் இறக்குவது. திட்டம் அவ்வளவுதான். ஆனால் முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் "என் சரக்கு கொஞ்சந்தான்" என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வாளி மாமாவின் சரக்குப் பாதி தெருவில் நின்றது.

"வாளி எடையே இல்லம்மா, ஒத்தக் கையில தூக்கலாம்" என்றார் அவர்.

"எடை இல்ல அண்ணே. ஆனா அம்புட்டு எடத்தையும் அதுதான் சாப்புடுது" என்றாய்.

மறுவாரம் பாண்டி அண்ணனின் லாரிக்குள் ஏறி டேப் பிடித்து அளந்தாய். பதினேழு அடி நீளம், ஆறரை அடி அகலம். அதே அளவுக்கு நம் ஷெட் தரையில் மஞ்சள் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் போட்டாய். உயரத்துக்குச் சுவரில் சிவப்பு பெயின்ட். வியாழன் மாலையே எல்லோரும் சரக்கைக் கொண்டுவந்து கோட்டுக்குள் அடுக்க வேண்டும். "கோட்டுக்குள்ள வந்தா லாரிக்குள்ள வரும். வரலைன்னா அடுத்த வாரம் வரும்" என்பாய். சண்டை எல்லாம் தரையிலேயே முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை லாரியில் ஏற்றும் வேலை மட்டும்தான்.

ஷட்டரை ஒட்டி எப்போதும் கோயம்புத்தூர் சரக்கு, நடுவில் பல்லடம், சுவரோரம் திண்டுக்கல். லாரி பின்பக்கமாக வந்து ஷட்டரில் நிற்கும். முதலில் ஏறுவது உள்ளே போய் கேபினை ஒட்டி நிற்கும், கடைசியில் இறங்கும். லாரி வருவதற்கு முன் ஒவ்வொரு மூட்டையிலும் தி, ப, கோ என்று சாக்பீஸால் எழுதுவது என் வேலை. அது ஒன்றுதான் என் வேலை.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

முந்தின நாள் மாலை நீ ராணி அக்காவின் மூட்டைகளை ஷட்டர் ஓரமாக அடுக்கினாய். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனிக்கு அக்காவின் சரக்கு ஏற்கெனவே இரண்டு முறை தாமதமாகப் போயிருந்தது. மூன்றாவது முறையும் தாமதமானால் ஆர்டரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நீயே அவர்களிடம் போனில் பேசினாய். "சனிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள உங்க கேட்டுல நிக்கும் சார். நான் சொல்றேன்ல." போனை வைத்துவிட்டு ராணி அக்காவைப் பார்த்துச் சிரித்தாய். "இனி நீ தூங்கலாம்டி."

விடிந்ததும் தலை வலிக்கிறது என்றாய். அடுப்படியில் விழுந்தாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எட்டரை மணிக்கு அப்பா போன் செய்தார். "பாப்பா, அம்மாவக் கூட்டிட்டு வாரோம். வீட்டுக்குள்ள எடம் பத்தாது. ஷெட்ட ஒழிச்சு வை." நான் "சரிப்பா" என்றேன். அவர் குரலிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. போன் வந்தபோது மூட்டைகளில் எழுதுவதற்காகச் சாக்பீஸை எடுத்திருந்தேன். அது கையிலேயே இருந்தது.

லோடுமேன் வேலு மாமாவும் இன்னும் இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். "எதை மொதல்ல எடுக்க, பாப்பா?" என்று மாமா கேட்டார். "ஷட்டர் பக்கத்துல இருக்கிறத" என்றேன். எல்லாவற்றையும் பக்கத்துப் பிளாஸ்டிக் பட்டறைக்கு மாற்றினார்கள். நான் ஒரு மூட்டையில்கூட எழுதவில்லை.

உன்னைக் கோட்டுக்குள்தான் வைத்தார்கள். ஐஸ் பெட்டி ஏழடி நீளம், இரண்டரை அடி அகலம். தெற்கே தலை வைக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னதால் பெட்டி குறுக்காகத் திரும்பி, கால்பக்கம் அரையடி கோட்டுக்கு வெளியே போனது. எல்லோரும் அழுதார்கள். நான் அந்த அரையடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன்.

ராணி அக்கா வந்து வாயில் சேலையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாதான் அவரைப் பார்த்தார். "லாரி போகும்மா. அவ சொல்லிட்டால்ல."

இரண்டு மணிக்கு லாரி வந்து பக்கத்துப் பட்டறை வாசலில் நின்றது. மூன்று மணிக்கு உன்னை எடுப்பதாக ஏற்பாடு. உன் தலைமாட்டில் உட்கார்ந்தபடி, திறந்த ஷட்டர் வழியாக நான் லாரியைப் பார்த்தேன். முதலில் அப்பாவின் கைப்பிடிப் பெட்டிகள் ஏறின. அவை திண்டுக்கல்லுக்கு. பிறகு வாளிகள், பல்லடத்துக்கு. கடைசியில் கோயம்புத்தூர் போக வேண்டிய ராணி அக்காவின் மூட்டைகள். காலையில் முதலில் எடுத்தது பக்கத்துப் பட்டறையின் உள்கோடிக்குப் போய்விட்டது. கடைசியில் எடுத்தது வாசலில் நின்றது. வாசலில் நின்றதை அவர்கள் முதலில் ஏற்றிவிட்டார்கள். லோடு அப்படியே தலைகீழாக நின்றது. திண்டுக்கல் கடைத்தெருவில் மொத்தத்தையும் இறக்கி மறுபடி ஏற்ற அங்கே ஆள் கிடையாது. காலையில்தான் கிடைக்கும். பன்னிரண்டு மணிக்கு அந்தக் கம்பெனி கேட்டில் எதுவும் நிற்காது.

அக்காவின் மூட்டைகளில் மூன்று ஏறும்வரை எனக்கு உறைக்கவில்லை. உறைத்ததும் எழுந்து வெளியே போனேன்.

"அண்ணே, நிறுத்துங்க. லோடு மாறி ஏறிருச்சு. எல்லாத்தையும் இறக்கணும்."

பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "ஏண்டி, பெத்தவளப் பெட்டியில வச்சுக்கிட்டு லாரிக்குக் கணக்குச் சொல்றியே, நீ பொண்ணா? ஒரு சொட்டுக் கண்ணீர் வரல இவளுக்கு!"

சந்தில் லாரி நின்றால் வேறு வண்டி நுழைய முடியாது. உன்னை ஏற்ற வந்த வண்டி ஏற்கெனவே சந்து முக்கில் வந்து நின்றிருந்தது. அப்பா என்னிடம் வந்தார்.

"எம்புட்டு நேரம் ஆகும்?"

"முக்கா மணி நேரம்ப்பா."

அவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தார், முக்கைப் பார்த்தார், ராணி அக்காவைப் பார்த்தார். "இறக்குங்கய்யா" என்றார்.

பாண்டி அண்ணன் வேலு மாமாவிடம் எரிந்து விழுந்தார். "என்ன மாமா, கண்ண எங்க வச்சிருந்தீக? இன்னைக்குப் போயி இப்படிப் பண்ணலாமா?"

"வயசாகுதுல்ல மாப்ள" என்றார் மாமா. மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டு வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் நீ காத்திருந்தாய். லாரி போன பிறகுதான் உன்னைத் தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஷெட்டைக் கழுவிவிட்டோம். பெரியம்மா வாளி வாளியாக ஊற்றினார். மஞ்சள் கோடு கரைந்து ஷட்டரைத் தாண்டிச் சாக்கடைக்குப் போனது. நான் விளக்குமாற்றால் தள்ளிவிட்டேன்.

மறுநாள் பதினொன்றே காலுக்கு உன் போன் அடித்தது. வாரா வாரம் அடிக்கிற நேரம்தான். எடுத்தேன்.

"அக்கா, கேட்டுக்குள்ள போயிட்டேன். இறக்கிக்கிட்டிருக்காங்க" என்றார் பாண்டி அண்ணன். பழக்கத்தில் உன் நம்பரை அழுத்திவிட்டார் போல.

"சரிண்ணே" என்றேன். நீ அப்படித்தான் சொல்வாய்.

அதற்குப் பிறகு பத்து வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. நான் பள்ளி விட்டு வர வேண்டும் என்று அப்பா லாரியை ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். கோட்டை நான்தான் போடுகிறேன். ராணி அக்காவின் ஆர்டர் அக்காவிடமே இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது நானும் மடித்த தார்ப்பாய்களை எண்ணுகிறேன். இன்று காலை நான்கு. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வர வேண்டிய இடம் எது என்று தெரியவில்லை.

இன்று லோடு ஏறி முடிந்ததும் வேலு மாமாவிடம் போய் சாக்பீஸைக் காட்டினேன். "மாமா, அன்னைக்குத் தப்பு என்னோடது. மூட்டையில நான்தான் எழுதல. சாக்பீஸ் கையிலயே இருந்துச்சு."

மாமா துண்டை உதறினார். "எனக்கு அன்னைக்கே தெரியும் பாப்பா. லாரிய நிறுத்தச் சொல்லிக் கைய நீட்டுனேல்ல? உள்ளங்கை அம்புட்டும் மஞ்சளா இருந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லி? லோடு தானா எறங்கிருமா?" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அம்மா, உன்னை முக்கால் மணி நேரம் காக்கவைத்தது நான்தான். லாரியும் இல்லை, மாமாவும் இல்லை. அப்பாவுக்கு இதை நாளைக்குச் சொல்வேன். சாக்பீஸை மறுபடியும் ஜியோமெட்ரி பாக்ஸிலேயே வைத்திருக்கிறேன். அதில் இன்னும் இரண்டு மூன்று வெள்ளிக்கிழமைக்கு எழுதலாம்.

கோட்டுக்குள் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். "பாப்பா, சாப்பிட வாரியா?" என்று அப்பா கேட்டார். "வாரேன்ப்பா" என்று வாசலுக்கு வந்துவிட்டேன். இந்த வரியைத் தெருவிளக்கில் எழுதுகிறேன். ஷெட்டில் அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.