உரக்குழி மண்

சங்கரன்கோவில்
14-12-2025

அன்பு மகன் ஆவுடையப்பனுக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கை கோகிலாவும் நல்ல சுகம். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்க கோமதி அம்மன் துணை. வயல்தான் சுகமில்லை. போனில் சொன்னால் நீ சிரித்தே சமாளித்துவிடுவாய், நானும் இளகிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நெல் நட்டு இருபத்தைந்து நாளாகிறது. பக்கத்து வயல்கள் பச்சைப்பசேலென்று தூர் கட்டி நிற்க, நம் இரண்டு ஏக்கரும் வளராமல், இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழுந்து கிடக்கிறது. வேளாண்மை ஆபீஸ் மேடம் வந்து பார்த்து இது ஜிங்க், அதாவது துத்தநாகப் பற்றாக்குறை, நடவுக்கு முன் ஏக்கருக்குப் பத்துக் கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவியிருந்தால் வந்திருக்காது என்றார்கள். நீ வெளிநாடு போகுமுன் வயல் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து வாங்கி வைத்த மண்வள அட்டையை எடுத்து நீட்டினேன், துத்தநாகம் போதுமானது என்று போட்டிருக்கிறதே என்று பெருமையாகக் கேட்டேன். அவர்கள் மற்ற சத்துகளையும் பார்த்துவிட்டு, "வயல்ல இவ்வளவு சத்து எப்படிம்மா இருக்கும், உரக்குழி மண்ணை எடுத்துக் குடுத்தீங்களா" என்று கேட்டார்கள். எனக்குச் சுருக்கென்றது. அன்று ராத்திரி கோகிலாவைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சொன்னாள், "அண்ணன் அன்னைக்கு வயலுக்கே போகலம்மா, மேட்ச்சுக்கு நேரமாச்சுன்னு உரக்குழி ஓரத்துல அள்ளிப் பையில கட்டிட்டான்" என்று. பத்து இடத்தில் குழி வெட்டி எடுத்தேன், கை காய்த்துவிட்டது என்று என்னிடம் உள்ளங்கையைக் காட்டினாயே, பாவி.

அப்பா போனபின் வயல் விஷயத்தில் நான் நம்பியது இரண்டே பேரை, தண்ணீர் பாய்ச்சும் தங்கப்பழம் மாமாவையும் உன்னையும். நடவன்று அவர், "அக்கா, போன வருசமே பயிரு லேசாப் பழுத்துச்சு, ஜிங்க் போட்டுருவோம்" என்று கெஞ்சினார். நான் உன் அட்டையை நம்பி, உரக்கடைக்காரன் உமக்கு எவ்வளவு கமிஷன் தருகிறான் என்று நடவுப் பெண்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். மண்வெட்டியை வரப்பில் சாய்த்துவிட்டுப் போனவர்தான், பிறகு வரவே இல்லை.

பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம் ஜிங்க் சல்பேட்டும் நூறு கிராம் யூரியாவும் கலந்து ஒரு தடவை அடித்தாயிற்று. புதுக்குருத்து கொஞ்சம் தெளிந்திருக்கிறது, விளைச்சல் எவ்வளவு தேறுமோ தெரியாது. அதுகூடப் போகட்டும்.

நேற்று மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அட்டை தப்பாகிவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். அவர், "மருமவன் மேல சந்தேகப்படாதீய அக்கா, படிச்ச பிள்ளைல்லா, அது சரியாத்தான் எடுத்திருக்கும், ஆபீஸ்ல மாத்திப் போட்டிருப்பாக" என்றார். நான் கேவலப்படுத்திய மனுஷன் உனக்குப் பரிந்து பேசுகிறார். நீ செய்ததைச் சொல்ல எனக்கு நா எழவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். பெற்றவளை ஏமாற்றியது போதாதென்று, என்னையும் அவரிடம் பொய்க்காரியாக்கிவிட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. வெள்ளிக்கிழமை லீவில் நீயே மாமாவைக் கூப்பிட்டு, மண்ணை எங்கே அள்ளினாய் என்று உன் வாயால் சொல். அவரிடம் சொல்லாமல் எனக்குப் போன் போடாதே, எடுக்க மாட்டேன். உனக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காப்பாற்றட்டும். மாமாவின் நம்பர் பழைய நம்பர்தான், மாறவில்லை.

இப்படிக்கு,
மனசு ஆறாத உன் அம்மா
கோமதியம்மாள்