உம்மா கண்டிக்குப் போகட்டும்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் றிப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் இங்கே நல்ல சுகம். நீயும் மருமகன் அஸ்பாக்கும் உன் வயிற்றிலிருக்கும் எங்கள் பேரப்பிள்ளையும் எங்களைவிட நல்ல சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். வாட்ஸ்அப் இருக்க வாப்பாவுக்கு எதற்குக் கடதாசியும் பேனையும் என்று நீ சிரிப்பாய். போனைக் கையில் எடுத்தால் போதும், ஸ்பீக்கரில் போடச் சொல்லி உம்மா பக்கத்தில் வந்து குந்திவிடுகிறாள். இதுவோ அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டிய கதை. அடுத்த வீட்டு முஸ்தாக் லீவு முடிந்து உங்கள் தோஹாவுக்குத் திரும்புகிறான், கருவாட்டுப் பார்சலோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உம்மா படிக்கிறாள் என்று உனக்குத் தெரியும், ஆனால் அதனால் நான் படும் பாடு தெரியாது. ஆரம்ப சுகாதார சேவையில் வேலை செய்பவர்களுக்கான பட்டப்பின் படிப்பு என்று இரண்டு வருடத்துக்கு முன் அவள் சொன்னபோது, இத்தனை வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு இனி என்ன படிப்பு என்று நினைத்து, ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூப்பிடுவதுபோல, சரி படியுங்கள் மிஸ்ஸி என்று ஒரு பகிடிக்குத்தான் சொன்னேன். இப்போது இந்த வீட்டில் உன் உம்மா இல்லை, ஒரு பல்கலைக்கழக மாணவிதான் இருக்கிறாள். சனி ஞாயிறு என்றால் பெருநாளைக்குப் போல உடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் லெப்டொப்புக்கு முன்னால் இருப்பாள், நான் இருமவும் கூடாது. ஒருநாள் இடுப்பில் சாரனோடும் கையில் மீன் பையோடும் அவளுக்குப் பின்னால் நடந்துவிட்டேன், வகுப்பு முழுக்கக் கண்டுவிட்டது. அது உங்கள் நோயாளியா என்று விரிவுரையாளர் கேட்டாராம், உன் உம்மா கொஞ்சமும் யோசிக்காமல் ஓம் என்றாளாம். அதிலும் பொய் இல்லை, என் பிரஷரும் சீனியும் அவளுடைய பாடத்துக்கு எழுதிக் கொடுத்த சொத்தாகிவிட்டன. தேத்தண்ணிக்குச் சீனி கேட்டால், மறுகா டொக்டர் கால வெட்டினா என்னட்ட வரப்படாது என்கிறாள்.

கள ஆய்வு என்று ஒன்று செய்தாள், அதற்கு மோட்டார்சைக்கிள் ஓட்டி நான். வரிப்பத்தான்சேனைப் பக்கம் வேளாண்மை வெட்டுக்காலத்தில் ஆட்கள் வயல் வட்டையிலேயே ஓலை வாடி போட்டுத் தங்கிவிடுவார்கள், சீனி வருத்தத்துக்கான மாத்திரை வீட்டில் கிடக்கும். ஏன் கொண்டு போவதில்லை என்று ஒவ்வொரு வாடியாகப் போய்க் கேட்டு எழுதினாள். ஆதம்பாவா என்று ஒருவர், வட்டைக்குள்ள நிண்டா எனக்கு வருத்தம் இரிக்கெண்டே நினைவு வாறல்ல மிஸ்ஸி என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். உன் உம்மா சிரிக்காமல் வரம்பில் குந்தியிருந்து அதை அப்படியே எழுதினாள். முப்பது வருடம் அவளோடு குடும்பம் நடத்தியும் அந்த முகத்தை அன்றைக்குத்தான் கண்டேன் மகள். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

இனிதான் விஷயம். படிப்பின் கடைசி மாதம் எல்லோரும் கண்டியில் தங்கி அங்குள்ள சுகாதார நிலையங்களில் வேலை செய்து காட்டிப் பரீட்சை எழுத வேண்டும். அந்த மாதமும் உனக்குப் பிள்ளை கிடைக்கிற மாதமும் ஒன்றாகிவிட்டன. போன மாதம் சோறு போட்டுக்கொண்டே, நான் கண்டிக்குப் போகல்ல, என்ட புள்ளைட்டதான் போறன், அவளுக்கு இத ஆரும் செல்லப்படாது என்றாள். சொல்லிவிட்டு என் பீங்கானில் மீன் ஆணத்தை இரண்டு தரம் ஊற்றினாள். அடுத்த முறை பார்க்கலாமே என்றேன், அடுத்த முறைக்கு அவளுக்குப் பென்சன் வந்துவிடுமாம், பென்சன்காரரை எடுக்கமாட்டார்களாம். மறுநாள் புத்தகங்களை எல்லாம் கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டுச் சின்னச் சின்னச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பாட்டும் பாடினாள். உன் உம்மா சந்தோசமாக இருக்கும்போது பாடுவதில்லை, உனக்கே தெரியும்.

ஆகவே உன்னைப் பார்க்க வாப்பா வருகிறேன். சிரிக்காதே. டிப்போவில் பஸ்களுக்கு நேரம் போட்ட மனிதன் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தைப் போடமாட்டேனா? பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுக்கிற காய மருந்தை அரைக்கவும் காய்ச்சவும் பழகிவிட்டேன், நம் வீட்டில் செய்தால் மணம் காட்டிக்கொடுக்கும் என்று எனக்குத் தம்பி முறையான சீனிமுகம்மது வீட்டுக் குசினியில்தான் பயிற்சி. முதல் தரம் மிளகு கூடிப்போய், ருசி பார்த்த அவர் கிணற்றடிக்கு ஓடினார். இப்போது இடுப்பு நாரி நோவு போய்விட்டது, கிழமைக்கு ஒருக்கா தாங்க காக்கா என்று கெஞ்சுகிறார். பால் சுரக்கிறதற்குப் பால் சுறாவும் நன்றாக வறுப்பேன். உன்னைக் குளிப்பாட்டுவதற்கும் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதற்கும் அங்கே இருக்கிற நம் ஊர்க்காரப் பெண் ஒருத்தியைப் பார்த்து வைக்கும்படி மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். ஓம், அவருக்கு எல்லாம் தெரியும். விசாவுக்கு உம்மாவின் பாஸ்போட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார், அவளும் என்னிடம் தந்து அனுப்புங்கள் என்றாள். நான் அவரிடம் விஷயத்தைச் சொல்லி என்னுடையதை அனுப்பினேன். நேற்று விசா வந்துவிட்டது, என் பெயரில்.

இதை வாசித்ததும் உம்மாவுக்குப் போன் எடுத்துப் பேசு. வாப்பா சொன்னார் என்று சொல்லாதே, நீயாகக் கேள்விப்பட்ட மாதிரிச் சொல். பரீட்சை முடிச்சிட்டு வாங்க உம்மா, நான் பாத்திட்டு இருக்கன் என்று நீ சொன்னால் அவள் அழுவாள், உன்னை ஏசுவாள், பிறகு புத்தகங்களை இறக்குவாள். நான் சொன்னால் இறக்கமாட்டாள்.

அல்லாஹ் உனக்குச் சுகப் பிரசவத்தையும் எங்களுக்கு ஸாலிஹான நல்ல பிள்ளையையும் தரட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விட்டுவிடாதே, கருவாட்டைக் கண்டதும் உப்பைக் கூட்டித் தின்னாதே, இதெல்லாம் பார்சல் கட்டும்போது மாணவி சொல்லச் சொன்னவை. பச்சைப் பிள்ளையைக் கையில் வாங்க எனக்கு இன்றைக்கும் பயம் மகள், நீ பிறந்தபோதும் உம்மா என் கைக்குக் கீழே கை பிடித்துக்கொண்டு நின்றதால்தான் உன்னை வாங்கினேன். இந்தத் தரம் அவள் கண்டியில் நிற்பாள், எனக்குக் கீழே நீதான் கை பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா
உதுமாலெவ்வை