கன்னத்து மஞ்சள்

ஹல்,
1874 மார்ச் 9

அன்புள்ள அண்ணன் சைலஸுக்கு,

தம்பி ஏமோஸ் எழுதிக்கொள்வது. நானும் ஹெஸ்டரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் கப்பல் இருபதாம் தேதி லிவர்பூலிலிருந்து ஜப்பானின் யோகோஹாமாவுக்குக் கிளம்புவதாக அம்மா எழுதியிருந்தாள். அதற்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கவலை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையாம். வாத்துக் கொழுப்பைத் தேய்த்துக்கொண்டு, அந்த நாற்றத்தோடேயே கோயிலுக்கும் போய் வருகிறாளாம்.

இந்தக் கடிதத்தை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

நான் சர்க்கஸில் குட்டிக்கரணம் போடுவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். குட்டிக்கரணம் போடுவது உண்மைதான். ஆனால் ஒன்றரை வருடமாக நான் ஜப்பான்காரன். முகத்தில் மஞ்சள் பூச்சு, கண்ணோரம் மைக்கோடு, தலையில் குதிரை மயிர்க் குடுமி. விளம்பரத்தாளில் என் பெயர் 'யெடோ நகரத்துத் தாக்கி'. கட்டிய மனைவி ஹெஸ்டர் அதே தாளில் எனக்குத் தங்கை. சிரிக்காதீர்கள். ஓல்ட்ஹாம் பஞ்சாலைக்காரன் மல்லாந்து படுத்துக் காலால் தொட்டியைச் சுழற்றினால் எவன் பார்ப்பான்? யெடோக்காரன் சுழற்றினால் அரங்கு நிறைகிறது. உண்மையான ஜப்பான்காரர்கள் மான்செஸ்டருக்கு வித்தை காட்ட வந்தபோது ஆறு நாள் அரங்கின் உச்சிப் படியில் உட்கார்ந்து பார்த்துத் திருடிய வித்தை அது.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். முதலாளி கிரிம்ஷா ஒரு சட்டம் வைத்திருக்கிறார். பூச்சு முகத்தில் இருக்கும்வரை ஆங்கிலம் வாயில் வரக்கூடாது. "சக்கா மக்கா ஹொய்" என்று நாங்களே கட்டிய ஒரு பாஷைதான் பேச வேண்டும். போன வருடம் கழியிலிருந்து விழுந்து விலா நொறுங்கியவன்கூட "ஹொய்" என்றுதான் அலறினான். அவ்வளவு பழக்கம்.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை, பகல் ஆட்டம் முடிந்ததும் மருத்துவமனைத் தாதி ஒருத்தி கொட்டகைக்கு வந்தாள். "உங்க நாட்டு ஆளு ஒருத்தரு சாகக் கெடக்காருங்க. ஏதோ கப்பல்ல வந்து எறங்கினவரு. பேசிக்கிட்டே இருக்காரு, எங்க யாருக்கும் ஒண்ணும் புரியல. பக்கத்துல வந்து செத்த நேரம் உக்காருங்களேன்" என்று கையைக் கூப்பாத குறையாகக் கேட்டாள்.

ஹெஸ்டர் என் காதோடு, "வேணாங்க, அந்த மனுசன் கண்ணு முன்னால போயி நிக்காதீங்க" என்றாள். கிரிம்ஷா திரைக்குப் பின்னால் இழுத்துப்போய், "வரலேன்னா சந்தேகப்படுவாங்கடா. மூஞ்சியக் கழுவாம போ. மாட்டிக்கிட்டேன்னு வை, எட்டுப் பேரும் தெருவுலதான்" என்றார். போனேன் அண்ணா. அப்படியே போனேன்.

கட்டிலுக்கு மேலே பலகையில் 'டாமி' என்று அவர்களாக வைத்த பெயர் எழுதியிருந்தது. அவருக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். போர்வைக்கு வெளியே கால் நீட்டியிருந்தது. என் பாதத்தில் எங்கே காய்ப்பு இருக்கிறதோ அங்கேயே அவருக்கும். தொட்டி சுழற்றிய கால்.

என்னைக் கண்டதும் அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தலையைத் தூக்கி ஏதோ கேட்டார். தாதி என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். கையையாவது பிடித்திருக்கலாம். பழக்க தோஷம், "சக்கா மக்கா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கி என் கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தார். இப்போது கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் நான் பயந்தது எனக்காகத்தான். அவர் விரலைப் போர்வையில் துடைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பேச ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியாது என்று அவருக்குத் தெரியும். கேட்க வேறு ஆள் இல்லையே.

பிறகு மூச்சு நின்று, அவர் கை தளர்ந்துவிட்டது. தாதி, "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். நான் கிரிம்ஷாவின் சட்டத்தை மீறி, ஜப்பான்காரன் பேசுவதுபோன்ற கொச்சை ஆங்கிலத்தில், "எல்லாருக்கும் நன்றி சொல்லுது. சந்தோசமா போகுது" என்றேன். அவள் அழுதாள். பாவி நான், அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இது இந்த ஊர்ப் பத்திரிகையில் வந்துவிட்டது. கிரிம்ஷா புது விளம்பரத்தாளே அடித்துவிட்டார்: 'தன் நாட்டவனுக்குக் கடைசி ஆறுதல் சொன்ன தாக்கி!' நான் மேடைக்கு வந்ததும் சனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பெண்கள் கண்ணைத் துடைக்கிறார்கள். நான் குனிந்து வணங்குகிறேன். ஹெஸ்டர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். இன்றைக்கும் பூச்சு பூசத்தான் போகிறேன். விட்டுவிட்டேன் என்று உங்களுக்கு எழுத முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அவர் பேசியதில் நினைவிருந்த சத்தங்களையெல்லாம் அன்றைக்கே நம் எழுத்தில் எழுதி வைத்தேன். நான் என் நெஞ்சைத் தொட்டு, பிறகு அவர் நெஞ்சைத் தொட்டுப் பெயர் கேட்டபோது, 'தொமெகிச்சி' என்று இரண்டு முறை நிறுத்திச் சொன்னார். 'ஒக்காசான்' என்று ஒரு சொல் பத்துத் தடவைக்கு மேல் வந்தது. ஊரோ ஆளோ, எனக்குத் தெரியாது. அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவைத் தேடும் பிள்ளைபோல அழுதார்.

யோகோஹாமாவில் இறங்கியதும், அந்தப் பாஷை தெரிந்த யாரிடமாவது இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இரண்டு பாஷையும் தெரிந்த துறைமுகத் தரகன் ஒருவனாவது அங்கே இருப்பான். அவருடைய சொந்தக்காரர்கள் கிடைத்தால், கடைசி நேரத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான் என்று சொல்லுங்கள். 'எங்கள் நாட்டவனா?' என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள் அண்ணா. அந்தப் பொய்யை நான் சொன்னது போதும்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
ஏமோஸ்

முகத்தைக் கழுவிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.