உன் பெயரில் நான் எழுதிய வரி

பரணிலிருந்து இன்று ஒரு வெளிர்நீலக் கேபிள் விழுந்தது. ரவுட்டரைக் கணினியோடு இணைக்க நீ கொண்டுவருவாயே, அது. "தூக்கிப் போட்டுடவா தாத்தா?" என்றாள் பேத்தி. வாங்கி வைத்துக்கொண்டேன்.

ராயபுரத்தில் அந்தச் சரக்குக் கம்பெனியின் சர்வர் அறைக்கு நீ பொறுப்பு. நான் திருவொற்றியூரில் பாலிடெக்னிக் வாத்தியார். அரசுச் சம்பளக்காரன் வெளியில் வேலை பார்க்கக் கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் உனக்கு உதவ வரும்போதெல்லாம் உன் பெயரில், உன் பாஸ்வேர்டில்தான் உள்ளே போவேன். "வேலைய நீ பாரு வாத்யாரே, பேர நான் வாங்கிக்கிறேன்" என்று சிரிப்பாய்.

ரவுட்டர்கள், தகவல் போகத் தமக்குத் தெரிந்த வழிகளை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். எதை நம்பலாம் என்று நாம்தான் வரிவரியாக விதி எழுதவேண்டும். துறைமுக கேட் மாதிரி: பட்டியலில் இருக்கும் லாரி உள்ளே, மற்றது வெளியே. ஒரு ஞாயிறு, சர்வர்கள் அடுக்கிய புது ராக் ஒன்று மற்றவற்றோடு பேச மறுத்தது. சோதித்துப் பார்க்க, பட்டியலின் கடைசியில் 'எல்லாவற்றையும் அனுமதி' என்று ஒரு வரி சேர்த்தேன். உடனே பேசியது. நீ டீ வாங்கப் போயிருந்தாய். பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தேன். அந்த வரியை எடுக்க மறந்தேன்.

மூன்றாம் வாரம் எண்ணூர் கிடங்கின் சின்ன ரவுட்டரில் யாரோ கைவைக்க, அது 'எல்லா இடத்துக்கும் நானே வழி' என்று சொல்லத் தொடங்கியது. என் வரியால் கேட் திறந்து கிடந்ததால் மற்றவை நம்பின. மொத்தக் கம்பெனியின் தகவலும் அந்த ஒரு மெல்லிய லைனில் போய் அடைத்துக்கொண்டது. துறைமுகத்துக்குள் போக லாரிகளுக்கான பாஸ் அச்சாகவில்லை. நெடுஞ்சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் பகலெல்லாம் நின்றன.

கம்பெனி விசாரணைக்கு முன் போன் செய்தாய். "வாத்யாரே, அந்தக் கடைசி வரி நீ போட்டதா? நான் போட்ட மாதிரி ஞாபகமே இல்ல."

"எனக்கும் ஞாபகம் இல்லப்பா" என்றேன்.

"சரி வுடு. என் பேர்ல கீது. அப்ப என்துதான்" என்றாய்.

வேலை போயிற்று. அதன்பின் எந்தக் கம்பெனியும் உன்னைச் சர்வர் பக்கம் விடவில்லை. மீஞ்சூரில் ஜெராக்ஸ் கடை வைத்தாய். நான் ஒருமுறைகூட வரவில்லை. உன் சாவுக்கு வந்தேன். "உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேசமாட்டாருண்ணே" என்றார் உன் மனைவி.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, உனக்குத் தெரியாது. ஓய்வு பெறும்வரை வருஷா வருஷம் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி, "ராயபுரத்தில் ஒரு ஆள் செய்த தப்பு" என்று பாடம் நடத்தினேன். நல்ல உதாரணம், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். ஒருத்தி கேட்டாள்: "யாரு சார் அந்த ஆளு? இதுகூடவா தெரியாது?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.